சேலத்தில் டாட்டூ பழக வருகிறவர்களுக்கு: முதலில் கோடு, மெஷின் பிறகு

மெஷின், பவர் சப்ளை, மை பாட்டில்கள், ஒரு கட்டு ஊசி எல்லாம் ஒரே பெட்டியில் ஆன்லைனில் வந்து இறங்கிவிடுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டாளி ஒருவன் கையை நீட்டுகிறான்: "வேல் ஒண்ணு போட்டு விடு மாப்ள." தொழிலைப் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். அந்த வேலின் தண்டு ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் விட்டுப்போய், ஓரமெல்லாம் நீலமாகக் கசிந்து நிற்கும். கையை நீட்டியவன் அதை ஆயுசுக்கும் சுமக்க வேண்டும்.

ஐந்து ரோட்டிலோ ஃபேர்லேண்ட்ஸ் பக்கமோ கடை போட்டால் வாசலுக்கு வரும் வேலையில் பெரும்பாலானது பெயர், வேல், ஓம், அப்பா அம்மா என்ற எழுத்து, குழந்தையின் பிறந்த தேதி, கணுக்காலில் கொலுசு. வண்ண வண்ணமாகப் பெரிய படம் கேட்டு வருபவர் எப்போதாவதுதான். அதனால் இங்கே பிழைப்பு கோட்டில் இருக்கிறது. ஷேடிங்கில், அதாவது நிழல் நிரப்புவதில், விழும் சின்னத் தவறு கண்ணுக்குத் தப்பலாம். பெயரில் ஒரு சுழி கோணினால் தெருவில் போகிறவனும் சொல்லிவிடுவான்.

காகிதத்தில் மூன்று மாதம்

மெஷின் வாங்கும் காசில் ஒரு ரீம் ஏ4 தாளும் 0.5 மி.மீ. பேனாக்களும் வாங்குங்கள். தினமும் ஒரு மணி நேரம் போதும், ஆனால் தினமும் வேண்டும். பத்து செ.மீ. நேர்க்கோடு, அதே நீளத்தில் வளைவு, பிறகு முழு வட்டம். ஒரே இழுப்பில் வர வேண்டும். மேலே மேலே தடவிச் சரி செய்கிற பழக்கத்தை இங்கேயே விட்டுவிடுங்கள், தோலில் அது புண்ணாக முடியும்.

இதற்கு நம் வீட்டு வாசலிலேயே பாடம் இருக்கிறது. சிக்குக்கோலம், சிலர் கம்பிக்கோலம் என்பார்கள். 5×5 நேர்ப்புள்ளி வைத்து, புள்ளியைச் சுற்றி வளைத்து, கோட்டை எங்கும் தடிக்கவிடாமல், தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். லைனிங்கில், அதாவது மெஷினால் கோடு போடுவதில், கேட்கப்படும் மூன்று விஷயமும் இதில் இருக்கிறது: ஒரே கனம், ஒரே வேகம், கோடு சேரும் இடம் தெரியாமல் இருப்பது. முதலில் புள்ளிகளுக்கு இடையே 2 செ.மீ., பிறகு 1 செ.மீ., கடைசியில் 6 மி.மீ. என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். 6 மி.மீ.யில் சுழிகள் ஒன்றையொன்று தொடாமல் வந்துவிட்டால் கை பழகிவிட்டது என்று கொள்ளலாம்.

பேனா இலேசு, மெஷின் கனம். பேனா வடிவில் வரும் பென் மெஷின்கள் பொதுவாக 120 முதல் 180 கிராம் வரை இருக்கும். பேனாவைச் சுற்றித் துணி சுற்றி, அதோடு இரும்பு நட்டு, வாஷர் கட்டி 150 கிராம் வரை ஏற்றி வரையுங்கள். முதல் வாரம் மணிக்கட்டு வலிக்கும். கோட்டை விரலால் இழுப்பதா, முழங்கையால் இழுப்பதா என்ற வித்தியாசம் அப்போதுதான் பிடிபடும். நீளமான கோடு முழங்கையிலிருந்து வர வேண்டும், சுண்டுவிரல் தாங்கலாக நிற்க வேண்டும்.

தட்டையான தாளில் நன்றாக வருவது உருண்டையான இடத்தில் வராது. தண்ணீர் பாட்டில், சுரைக்காய், கத்தரிக்காய் என்று எதன் மேலும் மார்க்கரால் வரைந்து பழகுங்கள். முன்கை உருளை, தோள் உருண்டை, கணுக்கால் மேலே அகன்று கீழே ஒடுங்கும். மனித உடம்பில் தட்டையான இடம் கிடையாது.

தமிழ் எழுத்து: ஆங்கிலம் பழகியவர் சறுக்கும் இடம்

இணையத்தில் கிடைக்கும் லெட்டரிங் பாடமெல்லாம் ஆங்கில எழுத்துக்கானவை. தமிழ் எழுத்தின் குணம் வேறு, அதில் சுழி அதிகம். ண, ணை, ஞ, ஐ, இ, ழ ஆகியவற்றில் வெள்ளை மாட்டிக்கொள்ளும் சந்துகள் உண்டு. தோலில் போட்ட கோடு ஆண்டுகள் போகப் போகக் கொஞ்சம் அகலும், அதைத் தடுக்க யாராலும் முடியாது. இன்று 1 மி.மீ. இடைவெளி விட்ட சுழி பத்தாண்டில் கறுப்புப் பொட்டாகிவிடும்.

இதை நேரில் பார்க்க வேண்டுமானால் பச்சை குத்திய பாட்டிகளின் முன்கையைப் பாருங்கள். குறத்தியர் வந்து, மஞ்சளும் அகத்திக்கீரையும் சேர்த்து எரித்தெடுத்த கரிமையில் கைஊசியால் குத்திவிட்டுப் போன கோலங்கள் அவை. புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும், கோடு அரை விரலுக்கு அகன்றிருக்கும். ஆனாலும் தேர்க்கோலம் எது, தேள் எது என்று இன்றும் தெரியும், ஏனென்றால் உருவத்தைப் பெரிதாக, இடம் விட்டுப் போட்டார்கள். கறுத்த கரி நீலப்பச்சையாகத் தெரிவதற்குக் காரணம் தோல் ஒளியைச் சிதறடிக்கும் விதம். நாம் போடும் கறுப்பும் ஒருநாள் அந்தப் பக்கம்தான் போகும். பாட்டியிடம் கேட்டுவிட்டு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், டிசைனுக்கும் உதவும்.

எழுத்துக்குக் கணக்கு இது: சுழிக்குள் வெள்ளை 2 மி.மீ.க்குக் குறையக்கூடாது. அப்படிப் பார்த்தால் 'ணை' போன்ற எழுத்து 12 மி.மீ. உயரத்துக்கும் கீழே போக முடியாது. 'ப', 'ம', 'ர' மட்டும் உள்ள பெயரென்றால் 8 மி.மீ. தாங்கும். கஸ்டமர் "சின்னதா, க்யூட்டா" என்று கேட்டால் இரண்டு அளவிலும் ஸ்டென்சில் (டிசைனைத் தாளிலிருந்து தோலுக்கு மாற்றும் அச்சு) எடுத்து ஒட்டிக் காட்டுங்கள். இல்லையென்றால் எழுத்தை மெலிதாக்காமல் பெயரைச் சுருக்கச் சொல்லுங்கள்.

கணினியில் ஒரு பொறி இருக்கிறது. ஃபோட்டோஷாப்பில் தமிழ் யூனிகோடு எழுத்தை ஒட்டினால் 'கெ' என்பதன் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கலாம், 'கொ' உடைந்து வரலாம். டைப் அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான தளவமைப்பைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். பழைய டைப்செட்டிங் எழுத்துருவில் வந்த பெயரை வேறு எழுத்துருவுக்கு மாற்றும்போதும் இதே தொல்லைதான். மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போவது இன்னொன்று: 'கார்த்திக்' என்ற பெயரில் மூன்று புள்ளி, ஒன்று போனாலும் பெயர் போச்சு. ஸ்டென்சில் எடுக்கும் முன் கஸ்டமரையே ஒரு தாளில் பெயரைக் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ற–ர, ன–ண குழப்பம் வந்தால் அந்தத் தாள்தான் சாட்சி.

மெஷினும் ஊசியும்

இதில் ரொம்பக் குழம்ப வேண்டாம். முதல் மெஷினாக, மோட்டாரில் ஓடும் ரோட்டரி பென் ஒன்று, ஸ்ட்ரோக் (ஊசி மேலும் கீழும் போய்வரும் தூரம்) 3.5 மி.மீ. இருந்தால் லைனுக்கும் ஷேடுக்கும் ஒப்பேறும். மின்காந்தத்தில் ஓடும் காயில் மெஷினின் சத்தம் பிடித்தவர்கள் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

கார்ட்ரிட்ஜ் என்பது ஊசிகளோடு வரும், கழற்றி மாட்டும் முனை. அதன் பெட்டியில் 1207 ஆர்.எல். என்று போட்டிருந்தால் முதல் 12 ஊசியின் கனம், அதாவது 0.35 மி.மீ. அடுத்த 07 ஊசிகளின் எண்ணிக்கை. ஆர்.எல். என்றால் ரவுண்ட் லைனர். 10 என்றிருந்தால் 0.30, 08 என்றிருந்தால் 0.25 மி.மீ. பழகுபவருக்கு 1205, 1207 லைனரும், ஷேடுக்கு 9 ஊசிக் கர்வ்டு மேக்னமும் (ஊசிகளை அகலமாக, வில்போல அடுக்கியது) போதும். 3 ஊசி லைனர் மெல்லிய கோடு தருகிறதே என்று அதில் தொடங்காதீர்கள். அது கையின் நடுக்கம் அத்தனையையும் காட்டிக்கொடுக்கும், தோலையும் எளிதில் கிழிக்கும். உள்ளே மெம்பிரேன், அதாவது தடுப்பு ஜவ்வு, இல்லாத மலிவுக் கார்ட்ரிட்ஜ் வேண்டவே வேண்டாம். மையும் இரத்தமும் பின்னோக்கி மெஷினுக்குள் ஏறிவிட்டால் அதைச் சுத்தம் செய்ய வழியில்லை.

தோல்: எங்கே நிற்க வேண்டும்

மேல்தோல் சுமார் ஒரு மாதத்தில் உதிர்ந்து புதிதாகும். அதில் நின்ற மை அதோடே போய்விடும். மை நிற்க வேண்டிய இடம் அதற்குக் கீழே உள்ள உள்தோலின் மேல்பகுதி, தோராயமாக 1.5 முதல் 2 மி.மீ. ஆழம். அங்கே உடம்பின் காப்புச் செல்கள் மைத்துகளை விழுங்கி வைத்துக்கொள்வதால்தான் டாட்டூ நிலைக்கிறது. அதற்கும் கீழே கொழுப்பில் இறங்கினால் மை பரவி, கோட்டைச் சுற்றி நீல நிழல் விழும். தொழிலில் இதை ப்ளோஅவுட் என்கிறோம். வந்துவிட்டால் திருத்தமில்லை, பெரிய டிசைனால் மூட வேண்டியதுதான்.

2–3 மி.மீ. கனமுள்ள சிலிகான் பிராக்டிஸ் ஸ்கின்னில் தொடங்குங்கள். ஆனால் அது இரத்தம் விடாது, நெளியாது, வீங்காது, அதனால் அதில் வரும் திறமை பாதித் திறமை. ஆரஞ்சுத் தோலில் ஆழம் பழகலாம், சாறு கசிந்தால் குத்து ஆழம். மாம்பழத்தின் தோல் அதைவிட மெலிசு, கையை அழுத்தினால் பிய்ந்துவிடும், அழுத்தம் குறைக்கப் பழக அது நல்லது. (மை பட்ட பழத்தைச் சாப்பிடக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, சீசனில் மனசு கேட்காதுதான்.)

தோலில் வரும் கோளாறுகளுக்குக் காரணம் பெரும்பாலும் நாலைந்துதான். கோடு நடுங்கினால் கை மெதுவாகப் போயிருக்கிறது, அல்லது இடது கை தோலை இழுத்துப் பிடிக்கவில்லை. தோலை மூன்று திசையில் இழுத்துப் பிடிக்க வேண்டும்: இடது கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் இரண்டு பக்கம், மெஷின் பிடித்த கையின் விளிம்பு மூன்றாவது பக்கம். ஆறிய பிறகு கோடு விட்டு விட்டுத் தெரிந்தால் ஆழம் போதவில்லை, அல்லது மெஷின் ஓட்டத்தைவிடக் கை வேகம். தடித்த பொருக்குக் கட்டி மையோடு பெயர்ந்தால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போயிருக்கிறீர்கள். மணிக்கட்டின் உட்புறம், கணுக்கால், விலா போன்ற மெல்லிய தோலில் ப்ளோஅவுட் அதிகம், அங்கே மெஷினைச் சாய்க்காமல் இலேசாகப் போங்கள்.

நம் தோல் நிறத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. நிறமி மேல்தோலில் இருக்கிறது, மை அதற்குக் கீழே. மாநிறத்திலும் கறுத்த தோலிலும் வெளிர்மஞ்சள், வெள்ளை, இளஞ்சிவப்பு ஆகியவை மங்கிவிடும். கறுப்பு, அடர்சிவப்பு, கரும்பச்சை, நீலம் நிற்கும். கறுப்பு தெரியவில்லையே என்று இன்னும் அழுத்துவதுதான் புதியவர் செய்யும் பெரிய தப்பு, அழுத்தினால் தோல் கறுத்துத் தழும்பு மேடிடும். பழைய தழும்பு மேடாக வளர்ந்தவர், அதாவது கீலாய்டு உள்ளவர், எனத் தெரிந்தால் மார்பு, தோள், மேல்முதுகு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மைகளில் ஒவ்வாமை அதிகம் தருவது சிவப்பு. அந்த நிறம் கேட்பவருக்கு மறைவான இடத்தில் ஒரு புள்ளி வைத்துச் சில வாரம் பார்த்துவிட்டுப் போடுவது நல்லது.

சுத்தம்

இங்கே சமரசமே கிடையாது. இரத்தத்தால் பரவும் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றும் ஊசி வழியே போகும். முதல் ஆள் மீது ஊசி வைக்கும் முன் நீங்கள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்றையும் போட்டிருக்க வேண்டும்: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. பயன்படுத்திய ஊசி உங்கள் கையில் குத்திவிட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கினால் இன்னும் நல்லது. சேலத்துக்காரர்களுக்கு அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எச்.ஐ.வி. பற்றிய சந்தேகங்களுக்கு 1097 என்ற இலவச எண் உண்டு.

ஆளுக்கொரு புதுக் கார்ட்ரிட்ஜ், புது மைக்கிண்ணம், புது ரேஸர். கஸ்டமர் கண்ணெதிரே உறையைப் பிரியுங்கள், காலாவதித் தேதியையும் காட்டுங்கள். மெஷின், வயர், மேஜை, விளக்கின் கைப்பிடி, தண்ணீர் பாட்டில் என்று கை படும் இடமெல்லாம் பிளாஸ்டிக் படலம் சுற்ற வேண்டும். கிளவுஸ் நைட்ரைலாக இருக்கட்டும். லேட்டக்ஸ் கிளவுஸை வாஸ்லின் அரித்துவிடும். கிளவுஸ் போட்ட கையோடு போனைத் தொட்டால் அந்த ஜோடி போயிற்று, மாற்றுங்கள். இரத்தம் சிந்தினால் 1% ஹைப்போகுளோரைட் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். ஊசிகள் துளைக்க முடியாத டப்பாவில் போக வேண்டும். அதைக் குப்பை வண்டியில் போடாதீர்கள். மருத்துவக் கழிவு எடுப்பவர்களோடு ஏற்பாடு உள்ள பக்கத்துக் கிளினிக்கில் பேசிப் பாருங்கள்.

சாம்பல் ஷேடுக்குக் கறுப்பு மையைத் தண்ணீரில் கலக்கும் இடம்தான் பலர் கோட்டை விடும் இடம். குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர் இரண்டும் கூடாது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கூடாது. காய்ச்சி வடித்தது என்பதாலேயே அதில் கிருமி இல்லை என்று ஆகிவிடாது. 2011–12இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில், இப்படித் தண்ணீர் கலந்து விற்கப்பட்ட சாம்பல் மையால் 19 பேருக்கு மைக்கோபாக்டீரியத் தொற்று வந்தது. அந்தத் தொற்றை ஆற்ற மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். மருந்துக்கடையில் ஊசி மருந்து கலக்க விற்கும் ஸ்டெரைல் வாட்டர் ஆம்பூல் வாங்கி, ஒவ்வொரு ஆளுக்கும் புதிதாக உடையுங்கள். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

இரும்பு கிரிப் (மெஷினின் கைப்பிடி) வைத்திருப்பவர்களுக்கு ஆட்டோகிளேவ், அதாவது நீராவி அழுத்தத்தில் கிருமியைக் கொல்லும் பாத்திரம், வேண்டும். 121 டிகிரியில், அழுத்தம் 15 பவுண்டில், பொருளைப் பொறுத்து 15 முதல் 30 நிமிடம் என்பது சமவெளிக் கணக்கு. ஏற்காட்டில் கடை வைத்தால் இந்தக் கணக்கு ஏமாற்றும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அங்கே கேஜ் 15 காட்டும்போது உள்ளே 118 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். 121 வர கேஜ் 17 பவுண்டைத் தாண்ட வேண்டும். உங்கள் பாத்திரம் அந்த அழுத்தம் தாங்குமா என்று தயாரித்தவர்களிடம் கேளுங்கள், வெப்பமானி இல்லாத மாடலை மலைக்கு ஏற்றாதீர்கள். மலையில் டிஸ்போசபிள் கிரிப்போடு போய்விடுவது நிம்மதி.

ஏற்காட்டின் பனி ஸ்டென்சிலையும் படுத்தும். கீழே ஜெல் தடவி ஒட்டியது 10–15 நிமிடத்தில் காய்ந்தால் மேலே இன்னும் நேரம் எடுக்கும், பொறுக்காமல் தொடங்கினால் முதல் துடைப்பிலேயே பாதி அழியும். சேலத்தில் சித்திரை வைகாசியில் சிக்கல் தலைகீழ், வேர்வையில் ஸ்டென்சில் மிதக்கும். ஏ.சி. இல்லாமல் அந்த இரண்டு மாதம் பெரிய வேலை எடுக்காதீர்கள்.

யாருக்குப் போடக்கூடாது

18 வயது ஆகாதவருக்கு வேண்டாம். அம்மா கூட்டி வந்தாலும் வேண்டாம். குடித்துவிட்டு வருபவருக்கு வேண்டாம். கர்ப்பிணிக்கும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கும் இல்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குக் காலில் கூடவே கூடாது. ஆடி மாதம் விரதமிருந்து வெறும் வயிற்றோடு அம்மன் படம் போட வருபவர்கள் உண்டு, பாதியில் மயங்கி விழுவார்கள். சாப்பிட்டு வரச் சொல்லுங்கள். விரதம் முடியவில்லை என்றால் முடிந்த பிறகு வரச் சொல்லுங்கள். மயங்கினால் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள்.

ராணுவம், போலீஸ் வேலைக்குத் தயாராகும் பையன்கள் நிறையப் பேர் வருவார்கள். "அண்ணா, ஃபிசிகல்ல பிரச்சினை வருமா?" என்று கேட்பவனைவிடக் கேட்காதவன்தான் மாட்டுவான். ராணுவ விதிப்படி முன்கையின் உட்புறம், முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை, மற்றும் புறங்கையில் மட்டுமே அனுமதி. பழங்குடியினருக்கு மரபுப்படி விலக்கு உண்டு. மத்திய ஆயுதப்படைகளில் சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உட்புறம் அல்லது புறங்கை, அதுவும் அந்தப் பகுதியின் கால் பங்குக்குள். அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள். கழுத்தில் கேட்டால் போடாமல் அனுப்புவதே அவனுக்குச் செய்யும் உதவி. போட்டால் ஓராண்டு இரத்ததானம் செய்ய முடியாது என்பதையும் முன்னாலேயே சொல்லுங்கள்.

கொலுசு டாட்டூ: ஒரு வேலை முழுதாக

வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன ஊரில் கணுக்காலில் கொலுசு கேட்டு வருவது இயல்பு. பார்க்க எளிது, புதியவர் அதிகம் சொதப்புவதும் இதுதான். காரணம், கால் உருளை அல்ல. நேரான பட்டையாக வரைந்து சுற்றினால் ஒரு முனை மேலே ஏறும், மற்றது கீழே இறங்கும், கொக்கி சேராது.

1. நிற்கவைத்து, இரண்டு காலிலும் எடை சமமாக இருக்கும்போது அளவெடுங்கள். உட்கார்ந்தால் தோல் நகர்ந்துவிடும்.

2. கணுக்கால் எலும்புக்கு இரண்டு விரல் மேலே கிளிங் ஃபிலிமை இறுக்காமல் ஒரு சுற்றுச் சுற்றி, மார்க்கரால் கொலுசின் மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, முன்பக்க நடுக்கோடு, இரண்டு எலும்பின் இடம் ஆகியவற்றைக் குறியுங்கள்.

3. பின்பக்கம் வெட்டி எடுத்து மேஜையில் விரித்தால் பட்டை வில்லாக வளைந்திருக்கும். அந்த வளைவுதான் உங்கள் தாள். மேல் விளிம்பு 22.4 செ.மீ., கீழ் விளிம்பு 21 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 14 மொட்டு வைத்தால் கீழே ஒவ்வொன்றுக்கும் 1.5, மேலே 1.6 செ.மீ. ஒவ்வொரு மொட்டும் அந்த அளவுக்கு விசிறியாக விரிய வேண்டும். மீதி வந்தால் மொட்டின் எண்ணிக்கையை மாற்றுங்கள், கடைசி மொட்டை மட்டும் இழுத்து நீட்டாதீர்கள்.

4. ஸ்டென்சிலை இரண்டாக வெட்டி, முன்பாதியை நடுக்கோட்டில் வைத்து முதலில் ஒட்டுங்கள். பின்பாதியை உட்பக்க எலும்புக்குப் பின்னால் சேருங்கள், அங்கே கொக்கி வரைந்தால் இணைப்புத் தெரியாது. ஒட்டும்போதும் அவர் நின்றபடியே இருக்கட்டும். ஒரு ஸ்டூல் மேல் ஏற்றிவிட்டால் உங்கள் முதுகு தப்பும்.

5. காய்ந்ததும் நடக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டு மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் சாய்வு தெரிந்துவிடும். தெரிந்தால் அழித்து மறுபடி ஒட்டுங்கள்.

6. கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி மேலே போங்கள், துடைக்கும்போது ஸ்டென்சில் அழியாது. தொங்கும் முத்துகள் எலும்பின் மேல் வந்தால் இலேசான கை வேண்டும். எலும்பு மேல் ஊசி அதிரும், தோலும் மெலிசு. முத்துக்குள்ளே 2 மி.மீ. வெள்ளை விடுவதை இங்கேயும் மறக்காதீர்கள்.

வெள்ளிக் கொலுசைக் கழற்றச் சொல்லுங்கள், மூன்று நாலு வாரத்துக்கு அந்தக் காலில் போடக்கூடாது. இறுக்கமான சாக்ஸ், ஷூ கூடாது. முதல் நாலு நாள் செகண்ட் ஸ்கின் என்னும் ஒட்டும் மெல்லிய படலம் ஒட்டியிருந்தால் நல்லது. உள்ளே நிறையச் சீழ்போலத் தேங்கினாலோ ஓரம் சிவந்து அரித்தாலோ எடுத்துவிட வேண்டும். பிறகு தினமும் இரண்டு முறை மென்சோப்பில் கழுவி, மெலிதாகக் களிம்பு. மேட்டூர் காவிரிக் குளியலும் நீச்சலும் மூன்று வாரத்துக்குக் கிடையாது. மஞ்சள் பூசலாமா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். சமையலறை மஞ்சள்தூளில் கிருமி இல்லாமல் இருக்காது, வேண்டாம் என்று பணிவாகச் சொல்லுங்கள்.

கடைக்கு வெளியே

தினமும் கஸ்டமர் வருவதில்லை. மழைக்காலத்தில் நாற்காலி காலியாகவே கிடக்கும் வாரங்கள் உண்டு. அந்த நாட்களில் வரைந்து சேர்ப்பதுதான் இரண்டாவது வருமானம்.

முதலில் ஃப்ளாஷ் ஷீட், அதாவது கஸ்டமர் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் டிசைன் தாள். ஒரு ஏ4 தாளில் ஆறு முதல் எட்டு டிசைன், தோலில் போடும் அதே அளவில். இணையத்தில் சுற்றும் ரோஜா, திசைகாட்டி எல்லாரிடமும் இருக்கிறது. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்கு ஸ்கெட்ச் புத்தகத்தோடு போய் யாளியையும் கல்சங்கிலியையும் வரைந்து வாருங்கள். ஏற்காட்டில் பழத்தோடு நிற்கும் காப்பிக்கிளை, மரத்தில் ஏறும் மிளகுக்கொடி, காட்டெருமை எல்லாம் கிடைக்கும். படம் எடுத்து ட்ரேஸ் செய்வதைவிட நின்று வரைந்தால் எதை விடலாம் என்று தெரியும். கல்லில் இருக்கும் நுணுக்கம் அத்தனையும் 8 செ.மீ. டாட்டூவில் அடங்காது.

கோட்டோவியத்தை 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள். ஏ3 பிரின்ட்டுக்கு 300 டி.பி.ஐ.யில் 3508×4961 பிக்சல் வேண்டும். டீசர்ட்டுக்கு ஸ்கிரீன் பிரின்ட் போடுவதானால் 0.35 மி.மீ.க்கு மெலிந்த கோடு துணியில் விட்டுப்போகும். கொலுசுப் பட்டறைகளுக்கும் புது மாதிரி வரைபவர்கள் தேவைப்படுவார்கள். திரும்பத் திரும்ப வரும் மொட்டை அளவு பிசகாமல் வரையத் தெரிந்தவருக்கு அந்த வேலை கைவந்ததுதான்.

வேறொருவர் ஸ்டுடியோவில் வேலை பார்ப்பவர் ஒன்றைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேலையின் பகுதியாக வரைந்ததன் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதலாளிக்கே போகும். இரவில் வீட்டில் வரைந்த ஷீட் யாருடையது என்று சேரும்போதே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டுக் காப்பிக் கடைகளிலும் தங்குமிடங்களிலும் சுவர் ஓவியம் கேட்பார்கள். அங்கே எதிரி ஈரம். முதல்நாள் இரவு ஒரு அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். காலையில் உள்ளே நீர் கோத்திருந்தால் சுவர் காயவில்லை, பெயின்ட் அடித்தால் பொக்களித்து உரியும். புதுப் பூச்சுச் சுவரென்றால் 28 நாள் விட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை பிறந்த பிறகு தேதி கொடுங்கள். பிரைமரும் வெளிச்சுவர் அக்ரிலிக் எமல்ஷனும் போதும். தோலில் பழகிய மெல்லிய கோடு பத்தடி தள்ளி நின்றால் தெரியாது, சுவரில் ஒரு விரல் அகலத்துக்குக் குறையாதீர்கள்.

மே மாத மலர்க் கண்காட்சிச் சமயத்தில் ஏற்காட்டில் தற்காலிக டாட்டூ கேட்டுக் கூட்டம் நிற்கும். நிரந்தர டாட்டூவை அந்த அவசரத்தில் போடாதீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பவருக்கு ஊசி வைக்கக் கூடாது. மருதாணி போதும். 'ப்ளாக் மெஹந்தி' என்று விற்கும் கோன்களில் தலைச்சாயத்தில் சேர்க்கும் பி.பி.டி. கலந்திருக்கலாம். கொப்புளம் கிளம்பித் தழும்பாகும், பிறகு வாழ்நாள் முழுக்கத் தலைச்சாயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். 100 கிராம் சலித்த மருதாணித்தூள், 30 கிராம் சர்க்கரை, 30 மி.லி. நீலகிரித் தைலம், குழையும் அளவுக்கு எலுமிச்சைச் சாறு சேர்த்து மூடி, வெயில் காலத்தில் ஆறேழு மணி நேரம், மலைக் குளிரில் பன்னிரண்டு மணி நேரம் வையுங்கள். கோனில் அடைத்து இரண்டு நாளுக்குள் தீர்க்க வேண்டும், மிச்சத்தை ஃப்ரீசரில் போடலாம். நாலு மணி நேரமாவது கையில் காயவிடச் சொல்லுங்கள். உதிர்த்ததும் ஆரஞ்சாகத்தான் இருக்கும், மறுநாளுக்கு மறுநாள்தான் பழுப்பேறும் என்பதை முதலிலேயே சொல்லாவிட்டால் அரை மணியில் திரும்பி வந்து சண்டை பிடிப்பார்கள். கைக்குழந்தைகளுக்குப் போட வேண்டாம், நீலகிரித் தைலமும் ஆகாது, மருதாணியே சில குழந்தைகளின் இரத்தத்துக்கு ஆகாது.